லாக்கப்பில் மாத்திரை: கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு

போலீஸ் பிடித்துவிட்டால் வக்கீல், ஜாமீன் என்று ஓடுவோம். ராத்திரி போட வேண்டிய இன்சுலின் யாருக்கும் நினைவுக்கு வராது. பெர்மிட் தகராறோ, கடைத்தெரு சண்டையோ, முதலாளி கொடுத்த புகாரோ, எதுவானாலும் ஓரிரவு உள்ளே இருக்க நேரலாம்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க ரிமாண்ட் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை. அதைவிடப் பெரியதென்றால் இரண்டு முறையும் 7 நாள் வரை. குடிநுழைவு (இமிக்ரேஷன்) சட்டத்தில் சிக்கிய வெளிநாட்டவருக்கோ அந்த 24 மணி நேரமே 14 நாளாகிவிடும். ஆஸ்துமாக்காரரும் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவரும் அத்தனை நாள் தாங்க முடியாது.

உள்ளே வருகிறவரை மருத்துவ அதிகாரி சீக்கிரமே பரிசோதிக்க வேண்டும் என்று 1953ஆம் ஆண்டு லாக்கப் விதிகள் சொல்கின்றன. அதை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். பெயர் எழுதும்போதே நோயையும் சொல்லுங்கள். மலாயில் ‘சாயா அடா கெஞ்சிங் மானிஸ்’ என்றால் எனக்குச் சர்க்கரை இருக்கிறது. பிரஷருக்கு ‘டாரா திங்கி’. ‘சாயா பெர்லு உபாட்’ என்றால் மருந்து வேண்டும். இந்த மூன்றையும் இன்றே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அங்கே காது கொடுக்கவில்லையென்றால், ரிமாண்டுக்காக நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடமே சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். ‘உடம்பு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த நோய், எந்த மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று சொல்லி, பதிவு செய்யும்படி கேளுங்கள். 2017 பிப்ரவரியில் கிள்ளானில் பாலமுருகன் என்பவரின் நிலையைப் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார் மாஜிஸ்திரேட். பாலமுருகனோ போலீஸ் காவலிலேயே இறந்துபோனார். ஆகவே உத்தரவு வந்த பிறகும் வெளியே இருக்கும் குடும்பம் விடாமல் விசாரிக்க வேண்டும்.

ஊரிலிருந்து மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு வரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயரில்லாத மாத்திரை போலீஸ் கண்ணுக்குச் சந்தேகப் பொருள். அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வைத்திருங்கள். சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும். சர்க்கரை மாத்திரையை ‘கிளைக்கோமெட்’ என்றால் இங்குள்ள டாக்டர் முழிக்கலாம், ‘மெட்ஃபார்மின்’ என்றால் உடனே புரியும். கோடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிட்டிருந்தால் சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் என்று காட்டக்கூடும். அதற்கும் சீட்டுதான் காப்பு.

வீட்டார் மறைக்கும் ஒரு விஷயம், குடி. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, உளறல் வரும், உயிரே போகலாம். பார்ப்பவர்கள் நடிக்கிறான் என்பார்கள். மானம் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். போதைப் பழக்கத்தை விட அரசாங்க கிளினிக்கில் மெத்தடோன் மருந்து வாங்குகிறவரும் எந்தக் கிளினிக், எவ்வளவு அளவு என்று சொல்ல வேண்டும். மலேசியாவில் அந்தச் சிகிச்சை 2005 முதலே அரசாங்கமே நடத்துவது, ஒளிக்க ஒன்றுமில்லை.

வீட்டிலிருந்து மருந்து கொண்டுபோனால் நேராகக் கைதானவர் கையில் கொடுத்துவிட முடியும் என்று எண்ண வேண்டாம். சீட்டின் நகலோடு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். அவர் பெயர், கொடுத்த நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி கைதானவர் உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லக் கேட்கலாம். அந்த ஒரு போன் பேச்சில் முதலில் மருந்துப் பெயர் வரட்டும், அழுகை அப்புறம். வெளிநாட்டவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படியும் கேட்கலாம். இலவச வக்கீல் தரும் தேசிய சட்ட உதவி அறவாரியம் குடிமக்களுக்கானது என்பதால், பெர்மிட்டில் வந்தவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள்.

மருந்து மறுக்கப்பட்டால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் புகார் செய்யலாம். நிலையத்தின் பெயர், தேதி, யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்ற குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.