ஜீப்பின் ஒயில் பில்டர்: கழற்றும் முன் கண்டுபிடியுங்கள்

பரந்தனில் என் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமர நிழலில் தன் ஜீப்பை நிறுத்தி, தானே ஒயில் மாற்றப்போவதாக அறிவித்தார். (எங்கள் பக்கத்தில் உயரமான குடும்ப வாகனம் எல்லாமே ஜீப்தான், பின்னால் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் சரி.) பொனற்றைத் திறந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் செம்பளவில் ஒரு கறுப்புக் குவளை தெரிந்தது. கழற்றினார். வழிந்தது ஒயில் அல்ல, டீசல். அன்று பொழுது சாயும்வரை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

அவர் கழற்றியது டீசல் பில்டர். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஆனால் டீசல் பில்டருக்கு இறப்பர்க் குழாய்கள் வந்து போகும். பெரும்பாலும் தலையில் கையால் அமுக்கும் சிறு பம்பும், அடியில் தண்ணீர் வடிக்கும் திருகும் இருக்கும். அதைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பிறகு அந்தப் பம்பு இறுகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றாமல் எஞ்சின் உயிர்பெறாது. ஒயில் பில்டரோ வழக்கமாக எஞ்சின் உடலிலேயே நேராகத் திருகியிருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் மச்சானின் ஞாயிறு பிழைத்திருக்கும்.

சொல்லப்போனால் இந்த வேலையில் தேடுவதுதான் பாதி வேலை. சில எஞ்சின்களில் பில்டர் மேலே, பொனற்றைத் திறந்தவுடனே கண்ணில் படும். சிலவற்றில் கீழே, கல்லடி படாமல் காக்கும் அடித்தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்; தட்டைக் கழற்றினால்தான் தெரியும். முன் சில்லை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் அந்த இடைவெளியால் கை நுழையும் வண்டிகளும் உண்டு. புதிய மொடல்கள் பலவற்றில் தகரக் குவளையே இல்லை. ஒரு மூடிக்குள் கடதாசிப் பில்டர் மட்டும் இருக்கும். அதைத் தெரியாமல் குவளையைத் தேடி அரை நாள் மண்ணில் புரண்டவர்களை எனக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வண்டியின் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால் நாம் அதைப் புரட்டுவதே இல்லை. எழுத்து புரியாவிட்டாலும் லீற்றர் அளவையும் ஒயிலின் தரக் குறியீட்டையும் அதில் கண்டுபிடித்துவிடலாம். கையேடு கண்ணாடி துடைக்கும் துணிக்குக் கீழே டாஷ்போர்டுப் பெட்டியில்தான் கிடக்கும்.

அடுத்த பெரிய பிழை, கீழே படுத்துத் தவறான நட்டைத் திறப்பது. எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்புக்கு, ஒயிலை வடிக்க ஒரு ட்ரெயின் நட் இருப்பதுபோலவே கியர்பெட்டிக்கும் ஒன்று உண்டு. அதைத் திறந்து கியர் ஒயிலை வடித்துவிட்டு, எஞ்சினுக்குள் புது ஒயிலை ஊற்றினால் இரட்டைச் சேதம்: கியர்பெட்டி காய்ந்து கிடக்கும், எஞ்சினில் ஒயில் இருமடங்காகும். பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய எஞ்சின் ஒயில் கறுத்திருக்கும். சிவப்பாக ஏதாவது வடியத் தொடங்கினால் உடனே நட்டை மூடிவிடுங்கள்.

பில்டரைக் கண்ணளவில் பொருத்தம் பார்த்து வாங்காதீர்கள். இதை நான் மிகைப்படுத்தவில்லை. டொயோட்டா எஞ்சின்கள் பலவற்றில் பில்டர் திருகும் தண்டு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீற்றர். ஹொண்டாவில் வழக்கமாக 20 மில்லிமீற்றர். முன்னதில் பின்னதற்குரிய பில்டரை மாட்டினால் தளர்வாக ஏறும், இறுகியதுபோலக் கைக்குப் பொய் சொல்லும். ஓட்டத்தில் அழுத்தம் ஏறும்போது கழன்றுவிட்டால் ஒயில் முழுவதும் ஏ9 வீதியில் கோலம் போட்டுவிடும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடைக்குப் போகும்போது செஸி இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

கழற்றுவதில் இரண்டு விடயம். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கட்டும்; கொதிக்கும் ஒயில் முழங்கைவரை வழிந்தால் தோல் போய்விடும். பில்டர் அசையவில்லை என்றால் ஸ்க்ரூட்ரைவரால் குத்தித் திருப்பும் பழைய வித்தை வேண்டாம். தகரம் கிழியும், அடிப்பகுதி மட்டும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்தாளைச் சுற்றிப் பிடித்தாலே பல பில்டர்கள் இளகிவிடும். அதற்கும் அசையாதவற்றுக்குப் பட்டி ஸ்பனர் இருக்கிறது.

கழற்றிய பில்டரின் வாயைப் பாருங்கள். இறப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினில் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் புதியதை ஏற்றினால் இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அழுத்தம் வந்ததும் பிதுங்கி ஒயில் கொட்டும். ஒரு நிமிடம் துணியால் துடைத்துப் பார்ப்பது போதும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஒயில் பூசி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. அவ்வளவுதான். ஸ்பனர் போட்டு இறுக்குபவர் அடுத்த முறை தன்னையே திட்டிக்கொள்வார். மூடி வகை என்றால் அதன்மேல் பொறித்திருக்கும் இறுக்க அளவைப் பாருங்கள். டொயோட்டாவின் மூடிகள் பலவற்றில் 25 நியூட்டன் மீற்றர் என்றிருக்கும். ட்ரெயின் நட்டின் வொஷரையும் மாற்றிவிடுங்கள்.

ஜாக்கி பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நமது மணலிலும் செம்மண்ணிலும் ஜாக்கி மெல்ல மெல்லப் புதையும், மாரியில் கேட்கவே வேண்டாம். அதன்மேல் நிற்கும் வண்டிக்குக் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள். நல்லவேளையாக ஜீப் உயரமானது. சமதரையில் சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு, தூக்காமலே பெரும்பாலும் வேலையை முடிக்கலாம். ஹைபிரிட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். சத்தமில்லாமல் நிற்பதால் அது அணைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கலாம்.

ஒயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஒயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவுக்கோலைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டுவதும் கேடுதான்.

தினமும் முத்தையன்கட்டு, அக்கராயன் பக்கத்துக் கிரவல் பாதைகளில் புழுதி குடித்து ஓடும் வண்டிக்குக் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது என்ற கையேட்டின் சாதாரணக் கணக்கு பொருந்தாது. கடும் பாவனைக்கென்று தனியாகக் குறைந்த தூரம் குறித்திருப்பார்கள், நமக்குரியது அதுதான். காற்றுப் பில்டரையும் அன்றே பாருங்கள்.

வடித்த ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையான் மருந்தாகப் பூசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிணற்றுக்கு அருகில் அதைச் செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனதை எல்லோரும் அறிவோம். கானில் அடைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுத்துவிடலாம்.

முதல் நீண்ட ஓட்டம் ஏ9 வழியாக என்றால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குவதற்கு முன் குனிந்து ஒருமுறை வண்டிக்குக் கீழே பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் அங்கேயே தெரியும்.