மூன்று பகடை, ஒரு செங்கோண முக்கோணம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நான் கணக்கு சொல்லித்தரும் வழி இது. கயிற்றில் சம அளவில் 12 பாகங்கள் குறித்து, பக்கங்கள் 3, 4, 5 பாகங்களாக வரும்படி முக்கோணமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்; ஒரு மூலை செங்கோணமாக நிற்கும். "அப்பா மூலை பார்ப்பது இப்படித்தான்" என்று கொத்தனார் வீட்டுப் பிள்ளை ஒன்றாவது சொல்லும். அந்த நிமிடமே பிதாகரஸ் தேற்றம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்!

பிறகு மூன்று பகடைகளை உருட்டுங்கள். விழும் எண்களைப் பக்கங்களாகக் கொண்டால் செங்கோண முக்கோணம் அமையுமா? 3, 4, 5 விழுந்தால் மட்டுமே அமையும். விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், அவர்களே தேடட்டும். மொத்த விளைவுகள் 216, சாதகமானவை 6, நிகழ்தகவு 1/36.

பகடைகள் மூன்றும் வெவ்வேறு நிறத்தில் இருப்பது அவசியம். 3, 4, 5 வேறு, 5, 4, 3 வேறு என்பது அப்போதுதான் கண்ணில் படும். பிள்ளைகள் தடுமாறும் இடம் அதுதான்.