முரட்டுக் குதிரை என்று முடிவுகட்டும் முன்

ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்று பேயாக அடிக்கும். வெளியூரில் வாங்கி வந்த குதிரையை அந்த நேரம் காற்றாலைகளுக்கு நடுவே நடத்திப் போனால், தரையில் ஓடும் இறக்கை நிழலைக் கண்டு மிரளும். பனங்காட்டில் காய்ந்த ஓலை சடசடத்தாலும் அப்படித்தான். உடனே பக்கத்தில் நிற்பவர், "அண்ணாச்சி, இது முரட்டுக் குதிரைல்லா, நாலு போட்டாத்தான் வழிக்கு வரும்" என்பார்.

அந்த நாலு அடிதான் பெரிய தவறு. மிரண்டு நிற்கிற நேரத்தில் சவுக்கு விழுந்தால், நிழலும் வலியும் சேர்ந்தே அதன் நினைவில் பதியும். அடுத்த முறை நிழலைப் பார்க்கும் முன்பே எகிறும். ஓடித் தப்பிப் பிழைத்த பிராணி அது. பயத்தை நாம் கொழுப்பு என்று படிக்கிறோம்.

அடுத்தது, வலியைத் தேடாமல் பழக்கத் தொடங்குவது. எங்கள் வீட்டுப் பெட்டைக்குதிரை ஒன்று கடிவாளம் போட்டதும் தலையை உதறும். பிடிவாதம் என்று நினைத்து இரண்டு வாரம் கயிற்றை இன்னும் இறுக்கினேன். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து காட்டியபோது, கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தின் உட்பக்கத்தைப் புண்ணாக்கியிருந்தது. பல்லை அராவிவிட்டு, புண் ஆறியபின் கடிவாளத்தை அமைதியாக வாங்கிக்கொண்டது. அந்த இரண்டு வாரம் இன்றும் எனக்கு உறுத்தல்தான். சுமார் இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை முன்பற்கள் விழுந்து முளைக்கும். அப்போது வாய் கூசும். பல், முதுகு, குளம்பு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் குணத்தைப் பற்றிப் பேச வேண்டும். உடம்பிலுள்ள மயிர்ச்சுழி பார்த்துக் குணம் சொல்வதை நான் நம்புவதில்லை.

கயிற்றை எப்போது இழுப்பது என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது தளர்த்துவது என்பதில்தான் பாடமே இருக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால் ஒன்றைத் தாண்ட வேண்டும் என்று வையுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் குதிரைக்கு ஆழம் தெரியாது. கயிற்றில் மெல்லிய இழுப்பு மட்டும் கொடுத்து நில்லுங்கள். தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்கும், விடுங்கள். முன்னங்கால் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அந்த நொடியே கயிறு தளர வேண்டும். "சரி, இப்படிச் செய்தால் விட்டுவிடுகிறார்கள்" என்று அதற்குப் புரியும். நகர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நகர்ந்து பயனில்லை என்று கற்றுக்கொள்ளும். பின்வாங்கும்போது தளர்த்தினாலோ, பின்வாங்கத்தான் பழக்கியிருக்கிறோம். முதல் நாள் கால் நனைந்தாலே போதும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பின்னாலிருந்து சத்தமில்லாமல் நெருங்கக் கூடாது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. பேசிக்கொண்டே தோள்பக்கமாகப் போங்கள்.

பந்தய ஆசையில் ஒன்றரை வயதுக் குட்டியை வண்டியில் பூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதுகெலும்பு வளர்ந்து முடியவே ஐந்தாறு வயதாகும். அதுவரை கையில் பிடித்து நடத்துங்கள், சந்தைச் சத்தம், பஸ் ஹாரன் பழக்குங்கள். பாரம் பிறகு.

தீனியும் குணத்தைக் கெடுக்கும். நம் கடற்கரையில் காயல் என்ற துறைமுகத்தில் 13ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்கியும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும், வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்கள் என்றும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இன்று சோறு போடுவது குறைந்திருக்கலாம். ஆனால் கொள்ளு அள்ளிப் போட்டுவிட்டு நாள் முழுக்கக் கட்டிப்போடுவது நடக்கிறது. தின்ற தெம்பு போக வழியில்லாமல் அவிழ்த்ததும் துள்ளும், அதற்கும் முரடு என்று பெயர். குதிரையின் இரைப்பை சின்னது, வாந்தியும் எடுக்காது. அதனால் ஒரே வேளையில் நிறையத் தின்றால் வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். புல்லும் வைக்கோலும் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க, கொள்ளு ஊறவைத்து வேலைக்குத் தக்கபடி. பழக்குவதைக் காலை வெயில் ஏறுமுன் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, அப்புறம் நிழலில் அவிழ்த்துவிடுங்கள்.