சிக்னலில் நின்றால் மட்டும் சூடேறிய கார்

நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும், நெரிசலில் ஊர்ந்தால் மட்டும் சிவப்பை நோக்கி ஏறும். இந்த அறிகுறியே பாதி விடை. வேகமாகப் போகும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு ஆறும் ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் புகுந்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்போ, எஞ்சின் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டோ கெட்டிருந்தால் பெரும்பாலும் வேகத்திலும் சூடேறியிருக்கும்.

இருந்தாலும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு முதலில் கூலன்ட் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்தால் பொங்கி முகத்தில் அடிக்கும்.) அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். என் வண்டியில் ஏசி போட்டாலே ஃபேன் சுற்ற வேண்டும், அது அசையவே இல்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. எஞ்சினை அணைத்து, ஃபேன் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் நேராகக் கரண்ட் கொடுத்ததும் சுற்றியது, ஆக மோட்டார் மேல் பழியில்லை. மிச்சம் ரிலேதான், அதாவது ஃபேனுக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சின்ன மின் சுவிட்ச். ஹார்னுக்கும் அதே எண் கொண்ட ரிலே இருந்ததால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். ஃபேன் ஓடியது, ஹார்ன் ஊமையானது.

புது ரிலே போட்டதோடு சரி. நடுவில் ஒரு மெக்கானிக், வண்டியைப் பார்க்காமலே, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார். அதைக் கேட்டிருந்தால் எஞ்சின் சூடாக நேரமெடுத்து எரிபொருளைக் கூடுதலாகக் குடித்திருக்கும், நின்ற ஃபேன் நின்றபடியே இருந்திருக்கும்.