படுக்கையில இருக்கற பெரியவங்களுக்கு வீட்டுக்கே வர்ற அரசாங்க உதவி, மனசுக்கான வைத்தியமும் சேத்து: எங்கேந்து ஆரம்பிக்கணும்

எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) ஏற்காட்டுக்கு மேல நாகலூர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்காங்க, நான் வேலைக்காக சேலம் டவுன்ல இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி அவங்களுக்கு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு, அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறதுன்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், ஒவ்வொரு வளைவுலயும் வாந்தி, கீழ அடிவாரம் வந்து சேரும்போது ஆளே துவண்டு போயிடுவாங்க. அதனாலதான் வீட்டுக்கே என்ன வரும்னு தேட ஆரம்பிச்சேன், நான் அலைஞ்ச அலைச்சல் இன்னொருத்தருக்கு வேண்டாம்னு வரிசையா எழுதறேன்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். "வீட்ல வச்சு பாத்துக்க கவர்மெண்ட் காசு எவ்ளோ தரும், எந்த ஃபாரம்"னு கேட்டுட்டே போனீங்கன்னா எந்த ஆபீஸ்லயும் பதில் கிடைக்காது, ஏன்னா அப்படி ஒரே ஒரு திட்டம் கிடையாது. நர்ஸ் சம்பளம், மாத்திரை, மனநல டாக்டர் எல்லாத்துக்கும் அரசாங்கம் ஏற்கனவே பணம் போட்டு வச்சிருக்கு, அது நம்ம கைக்கு காசா வராது, ஆளா வரும். காசா வர்றது பென்ஷன் மாதிரி ஒன்னு ரெண்டுதான். இத புரிஞ்சுக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

படி 1: ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க

செல்போன்ல குறிச்சு வைக்காதீங்க, நோட்டு வீட்லயே பெரியவங்க தலைமாட்டுல இருக்கணும், யார் வந்தாலும் எடுத்து பாக்கற மாதிரி. முதல் பக்கத்துல பேரு, வயசு, ஆதார்ல இருக்கற மாதிரியே எழுத்து மாறாம எழுதுங்க (எங்க அம்மாயி பேரு ஆதார்ல ஒரு மாதிரி ரேஷன் கார்டுல ஒரு மாதிரி இருந்ததுல மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க). அடுத்த பக்கத்துலேந்து தேதி போட்டு பிரஷர், சுகர், சாப்பாடு, மலம், தூக்கம். தூக்கத்த கண்டிப்பா எழுதுங்க. ராத்திரி எத்தனை மணிக்கு முழிச்சாங்க, என்ன பேசினாங்கன்னு எழுதுங்க. பின்னாடி மனநல டாக்டர் முதல்ல கேட்டதே அதத்தான்.

படி 2: மக்களைத் தேடி மருத்துவத்துல பேரு ஏத்துங்க

2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், நடக்க முடியாதவங்களுக்கு பிசியோதெரபி, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வலி குறைக்கற பராமரிப்பு, புண்ணு கட்டறது எல்லாம் இதுக்குள்ள வரும். மாத்திரை கொண்டு வர்றவங்க பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவுலேந்து எடுத்த பெண்கள், அதாவது உங்க ஊர் பக்கத்து அக்காவே இருப்பாங்க.

எப்படி சேர்றது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வீட்ல ஒருத்தர் போனா போதும், நோயாளிய தூக்கிட்டு போக வேண்டியதில்ல. ஊர்ல "நர்ஸம்மா"ன்னு கூப்பிடறோம்ல, கிராம சுகாதார செவிலியர், அவங்கள பாத்து "படுக்கையில ஒருத்தர் இருக்காங்க, லிஸ்ட்ல எழுதிக்கோங்க"ன்னு சொல்லுங்க. பழைய ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு ஜெராக்ஸ் ஒன்னு குடுங்க. முக்கியமா இந்த வார்த்தைகள சொல்லுங்க: பிசியோதெரபி வேணும், படுக்கைப்புண் இருக்கு. வெறும் "முடியல"ன்னு சொன்னா மாத்திரை மட்டும்தான் வரும், நாங்க முதல் மூணு மாசம் அப்படித்தான் விட்டோம், கேக்கணும்னே தெரியல.

பிசியோ தம்பி வந்த முதல் நாள் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. மிஷின் எதுவும் கொண்டு வரல. மிளகு காய வைக்கற சாக்குல ஒன்ன நல்லா உதறி சுருட்டி, மேல ஒரு பழைய புடவைய சுத்தி அம்மாயி கையில குடுத்து "இத புடிச்சு விடுங்க ஆயா, பத்து தடவை"ன்னாரு. ஆறாவது தடவை விரல் மூடிச்சு. அவர் மறுபடி வர்ற வரைக்கும் அத நாமதான் தினமும் செய்யணும், அவர் செய்யறத பாத்து கத்துக்கறதுதான் நிஜமான பலன், அதனால அவர் வர்ற அன்னிக்கு பாத்துக்கற ஆள் வீட்ல இருந்தே ஆகணும்.

மாத்திரை கவர் மேல சூரியன், நிலா படம் போட்டு வைங்க, அம்மாயிய கூட இருந்து பாத்துக்கற எங்க சித்திக்கு எழுத படிக்க தெரியாது, அந்த படத்த பாத்துதான் குடுக்கறாங்க, ஒரு நாள் கூட மாறினதில்ல.

படி 3: மனசு விஷயத்த மறைக்காம சொல்லுங்க

இந்த படியத்தான் எல்லாரும் தாண்டி போயிடறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

அம்மாயி ராத்திரி முழிச்சு, செத்து பன்னெண்டு வருஷம் ஆன எங்க தாத்தாவோட துண்டு எங்கன்னு தேடுவாங்க. சாப்பாட்ட தள்ளி விட்டுடுவாங்க. ஊர்ல "காத்து கருப்பு"ன்னாங்க, சாமி பாத்தோம், சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டோம், அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஆனா டாக்டர்கிட்ட மட்டும் யாரும் சொல்லல, ஏன்னா பைத்தியம்னு பேரு வந்துடும்ங்கற பயம்.

டவுன்ல எங்க பக்கத்து வீட்ல ஒரு உருது பேசற பாட்டி, நாங்க நன்னின்னுதான் கூப்பிடுவோம். அவங்க "தில் கபரா ரா"ன்னு சொல்ல சொல்ல பேரன் அத ஓ.பி.யில "நெஞ்சு படபடப்பு"ன்னு சொல்லிட்டான், இசிஜி மேல இசிஜி எடுத்து எல்லாம் நார்மல்னு அனுப்பிட்டே இருந்தாங்க. அவங்க சொன்னது மனசு கலங்குது, பயமா இருக்குங்கறது. மகன் போன துக்கம் அது. நம்ம மலையாளி சனங்க (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலையில இருக்கற பழங்குடி) ஆகட்டும், உருது, சௌராஷ்டிரா பேசறவங்க ஆகட்டும், வீட்ல பேசற பேச்சுல சொல்ற வலி ஓ.பி. சீட்டுக்கு போறதுக்குள்ள வேற நோயா மாறிடுது. அதனால பெரியவங்க சொன்ன வார்த்தைய அப்படியே அவங்க பேச்சுலயே நோட்டுல எழுதுங்க, நீங்களா மொழிபெயர்க்காதீங்க.

இப்ப என்ன செய்யணும்னு வர்றேன். போன எடுத்து 14416 போடுங்க. டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண் இது, 2022 அக்டோபர் 10 உலக மனநல நாள் அன்னிக்கு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ் உட்பட 20 மொழியில பேசலாம். முதல்ல ஆலோசகர் பேசுவாங்க, தேவைப்பட்டா மனநல டாக்டர்கிட்ட மாத்தி விடுவாங்க. நோயாளிதான் பேசணும்னு இல்ல, பாத்துக்கற நாமளும் பேசலாம். எங்க வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்காது, நான் வெளிய சில்வர் ஓக் மரத்தடியில நின்னுட்டு நோட்ட பாத்து பாத்து இருபது நிமிஷம் பேசினேன், அந்த பக்கம் இருந்தவங்க ஒரு தடவை கூட அவசரப்படுத்தல.

அவங்க சொன்ன ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியணும்: வயசானவங்க ஒரே நாள்ல, ரெண்டு நாள்ல திடீர்னு குழம்பி பேசினா அது மனநோய்னு முடிவு பண்ணாதீங்க, சிறுநீர்ல கிருமி, சோடியம் குறைஞ்சது, சுகர் இறங்கினது எதுவா வேணா இருக்கலாம், உடனே 108 கூப்பிட்டு ஆஸ்பத்திரி போங்க. மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மறதி, தூக்கமில்லாம, சாப்பிடாம இருக்கறதுதான் மனநல டாக்டர்கிட்ட போக வேண்டியது.

நேர்ல பாக்க மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு. 1982ல தேசிய மனநலத் திட்டம் வந்துச்சு, 1996லேந்து அத மாவட்ட அளவுக்கு கொண்டு வந்தாங்க, இப்ப நேஷனல் ஹெல்த் மிஷன் வழியா மத்திய அரசு 60 மாநில அரசு 40னு பணம் போடுது. மனநல டாக்டர் இருக்கற குழு குறிப்பிட்ட நாள்ல அரசு ஆஸ்பத்திரிகளுக்கு போய் ஓ.பி. பாக்கும், மாத்திரை இலவசம். எந்த நாள்னு நர்ஸம்மாகிட்டயோ 104 சுகாதார உதவி எண்லயோ கேட்டுட்டு போங்க. சேலத்துல மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு.

தர்காவுக்கோ கோயிலுக்கோ போறத விடணும்னு யாரும் சொல்லல. ஆனா கட்டி போடறது கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்கா பக்கத்துல மனநோயாளிங்கள வச்சிருந்த ஒரு இடத்துல தீப்புடிச்சு, சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் ஓட முடியாம செத்தாங்க. அதுக்கப்புறம் அந்த தர்காவுலயே "தவா துவா"ன்னு, மருந்தும் வேணும் பிரார்த்தனையும் வேணும்னு, டாக்டர் உக்காந்து பாக்கற ஏற்பாடு வந்துச்சு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல நிலையத்துல எந்த விதத்துலயும் சங்கிலி போடறத தடை பண்ணுது, மதம், சாதி, கலாச்சாரம்னு எந்த பாகுபாடும் இல்லாம மனநல வைத்தியம் ஒவ்வொருத்தரோட உரிமைன்னும் அதே சட்டத்துல இருக்கு. யாராவது உங்கள வெளிய நிறுத்தினா இத தைரியமா சொல்லுங்க.

படி 4: பேப்பர்ஸ்

ஆதார், ஸ்மார்ட் கார்டு, பேங்க் பாஸ்புக், ரெண்டு போட்டோ, டாக்டர் சீட்டு. இ-சேவை மையத்துல முதல்ல கேன் நம்பர் (இ-சேவையில ஆளுக்கு ஒன்னா குடுக்கற பதிவு எண்) போடுவாங்க, அதுக்கு ஓடிபி வரும், அதனால கையில இருக்கற போன் நம்பர குடுங்க. மலையாளி பழங்குடி சாதி சான்றிதழ் தாசில்தார் குடுக்கறது இல்ல, ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) குடுக்கறது, அதனால அதுக்கு நாள் ஆகும், தனியா முன்னாடியே போட்டு வைங்க. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுலயே பெரிய பழங்குடி நாமதான், ஆனாலும் கையில சான்றிதழ் இல்லாத பெரியவங்க எங்க ஊர்லயே எத்தன பேர்.

படி 5: காசா வர்றது

முதியோர் பென்ஷன்: 60 வயசு ஆன ஆதரவு இல்லாதவங்களுக்கு, 2023 ஆகஸ்ட்ல 1000 ரூபாயிலேந்து 1200 ஆக்கினாங்க. இ-சேவையில பதிஞ்சா வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்கு வருவாங்க. பக்கவாதத்துல 75 சதவீதத்துக்கு மேல பாதிப்புன்னா, இல்ல பார்கின்சன், தசைச்சிதைவு மாதிரி நோய்னா, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரியிலேந்து மாசம் 2000. இதுக்கு யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வேணும். 2016 சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன் வகை 21ல ஒன்னு, அதுக்கும் சர்டிபிகேட், கார்டு உண்டு, கேக்க தயங்காதீங்க.

ரேஷன் வாங்க ஆள் இல்லன்னா 2025 ஆகஸ்ட்ல வந்த தாயுமானவர் திட்டத்துல 70 வயசு தாண்டினவங்க வீட்டுக்கே பொருள் வரும்னு ஆரம்பிச்சாங்க, உங்க கடைக்காரர்கிட்ட பேரு இருக்கான்னு பாருங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகறதுக்குத்தான், வீட்டு பராமரிப்புக்கு அது ஓடாது.

படி 6: நடக்கலன்னா

ஒரு ஆபீஸ்ல என்ன "ஆள கூட்டிட்டு வா, அப்பதான் எழுதுவோம்"னு திருப்பி அனுப்பினாங்க, படுக்கையில இருக்கறவங்கள எப்படி கூட்டிட்டு வருவேன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. வெளிய வந்து படியில உக்காந்து அழுதுட்டேன். அப்புறம் ஒருத்தர் சொன்னபடி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்தேன், அம்மாயி படுக்கையில இருக்கற போட்டோவோட, ஒரே பக்கத்துல. மனு ரசீது நம்பர கண்டிப்பா வாங்கிக்கோங்க. பதினேழு நாள்ல வீட்டுக்கே விசாரணைக்கு வந்துட்டாங்க.

பெரியவங்கள யாராவது அடிக்கறாங்க, சோறு போடலன்னா 14567, முதியோர் உதவி எண், காலையில 8லேந்து ராத்திரி 8 வரைக்கும். புள்ளைங்க கைவிட்டா 2007 சட்டத்துல ஆர்.டி.ஓ. கிட்ட ஜீவனாம்சம் கேக்கலாம், மாசம் 10,000 வரைக்கும், வக்கீல் வேண்டாம்.

படி 7: பாத்துக்கற ஆளும் ஒரு நோயாளிதான்னு எழுதிக்கோங்க

எங்க சித்தி ரெண்டு வருஷத்துல ஒரு கல்யாணத்துக்கு போனதில்ல. மாத்திரை குடுக்க வர்ற அக்காகிட்ட "சித்திக்கும் பிரஷர் பாருங்க"ன்னு சொன்னேன், 160 இருந்துச்சு. இப்ப நோட்டுல ரெண்டாவது பத்தி சித்தி பேர்ல ஓடுது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை நான் மேல போயிடறேன், சித்தி கதவ சாத்திட்டு மதியம் மூணு மணி வரைக்கும் தூங்கறாங்க, நான் அம்மாயி கையில அந்த சாக்கு சுருள குடுத்து எண்ணிட்டு இருக்கேன்.