ஆர்கானிக் பொருளுக்குக் கூடுதல் விலை: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஆர்கானிக் வாங்க வேண்டும் என்பதற்காகக் காய்கறி, பழங்களின் அளவைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலர் செய்யும் பெரிய தவறு இதுதான். ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்கறியும் பழமும் உடலுக்கு நல்லவை என்று காட்டிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் சாதாரண முறையில் விளைந்தவற்றைச் சாப்பிட்டவர்களே. ஆகவே விலை கட்டுப்படியாகாமல் அரைக் கிலோ ஆர்கானிக் காயோடு திரும்பி வருவதைவிட, சாதாரணக் காய் ஒரு கிலோ வாங்கி, நன்றாகக் கழுவிச் சமைப்பதே குடும்பத்துக்கு நல்லது. இந்த அளவு குறையாமல் இருக்குமானால், அதற்கு மேல் கையில் மிஞ்சும் பணத்தை எந்தப் பொருளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்று பார்க்கலாம். மொத்தமாக "ஆர்கானிக் வாங்கலாமா?" என்று கேட்டால் விடை கிடைக்காது, பொருள் பொருளாகப் பிரித்துக் கேட்டால் கிடைக்கும்.

அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ஆர்கானிக் என்பது விளைவித்த முறையைக் குறிக்கும் சொல். செயற்கை உரம், பெரும்பாலான செயற்கைப் பூச்சிக்கொல்லிகள், களைக்கொல்லிகள், மரபணு மாற்றிய விதை ஆகியவற்றைப் பயன்படுத்தாமல் விளைவிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. சாதாரண நிலத்தை ஆர்கானிக் நிலமாக மாற்றுவதற்குப் பெரும்பாலும் 2 முதல் 3 ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளில் விவசாயி புதிய விதிகளின்படி பயிர் செய்தாலும், விளைந்ததை ஆர்கானிக் விலைக்கு விற்க முடியாது. களையெடுக்க ஆட்கூலி அதிகம். விளைச்சலும் குறைவு: 2012இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஒப்பாய்வு, பயிரையும் நிலத்தையும் பொறுத்து ஆர்கானிக் விளைச்சல் 5 முதல் 34 விழுக்காடு வரை குறைவாக இருப்பதைக் காட்டியது. எனவே விலை வேறுபாடு முழுவதும் கடைக்காரரின் லாபம் என்று நினைப்பது விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

சத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதாக இருந்தால், கொடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வைட்டமின் அளவில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, நியூகாசில் பல்கலைக்கழகம் வழிநடத்திய இன்னொரு குழு 343 ஆய்வுகளைத் தொகுத்து, ஆர்கானிக் பயிர்களில், உடல் செல்களைச் சேதத்திலிருந்து காப்பதாகக் கருதப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்கள் (ஆன்டிஆக்ஸிடன்ட்) கூடுதலாகவும், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவாகவும் இருப்பதாகக் கண்டது. அந்தக் கூடுதல் பொருட்களால் சாப்பிடுகிறவரின் உடல்நலம் மேம்படுகிறது என்பது நிறுவப்படவில்லை. ஒரு காய் பறித்து எத்தனை நாள் ஆனது, எந்த ரகம், எவ்வளவு முற்றியது என்பவையும் அதன் சத்தைக் கூட்டும், குறைக்கும்.

பூச்சிக்கொல்லி எச்சத்தில் நிலைமை வேறு. உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அதே ஸ்டான்ஃபோர்டு தொகுப்பில், சாதாரண விளைபொருட்களில் 38 விழுக்காட்டிலும் ஆர்கானிக் விளைபொருட்களில் 7 விழுக்காட்டிலும் எச்சம் கண்டறியப்பட்டது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த 23 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு 5 நாட்கள் ஆர்கானிக் உணவு கொடுத்தபோது, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் தடயம் அவர்களின் சிறுநீரில் கண்டறிய முடியாத அளவுக்கு உடனே இறங்கியது. பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. எச்சம் கண்டறியப்பட்டது என்றாலே அது தீங்கு செய்யும் அளவு என்று பொருளாகாது என்பதையும் இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். விலங்குச் சோதனையில் எந்தப் பாதிப்பும் தெரியாத அளவை எடுத்து, வழக்கமாக அதை நூறால் வகுத்தே ஒரு மனிதர் நாள்தோறும் உட்கொள்ளக்கூடிய வரம்பை வகுக்கிறார்கள். புற்றுநோயைப் பற்றிய பெரிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை: 2018இல் பிரான்சில் ஏறத்தாழ 69,000 பேரைத் தொடர்ந்த ஆய்வில், ஆர்கானிக் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவாக இருந்தது, 2014இல் பிரிட்டனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த ஆய்வில் மொத்தப் புற்றுநோய் குறையவில்லை. ஆர்கானிக் வாங்குகிறவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களாகவும் வசதி உள்ளவர்களாகவும் இருப்பதால், எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம். என்னைக் கேட்டால், வளரும் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் உள்ள வீட்டில், எளிதாகக் குறைக்கக்கூடிய எச்சத்தைக் குறைப்பது நியாயமான முன்னெச்சரிக்கை; மற்றவர்கள் இதற்காகப் பயந்து வாழத் தேவையில்லை.

தெளிக்கிறவர்களின் உடல்நலமும் இந்தக் கணக்கில் உண்டு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 38.5 கோடிப் பேர் தற்செயலாகப் பூச்சிக்கொல்லி நஞ்சால் பாதிக்கப்படுவதாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் விவசாயிகளும் பண்ணைத் தொழிலாளர்களும்தான். நம் தட்டில் எச்சம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அப்பால், இவர்களுக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது முழுமையான காரணம்தான்.

இனி வீட்டுக் கணக்கு. ஒரு மாதத்துப் பில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைத் தோலோடு சாப்பிடுகிறோமா, கிட்டத்தட்ட தினமும் சாப்பிடுகிறோமா, குழந்தைகள் அதிகம் சாப்பிடுகிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் உங்கள் கூடுதல் பணம் முதலில் அங்கே போகட்டும். ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, ஆப்பிள், பேரிக்காய், பசலைக்கீரை போன்றவை மெல்லிய தோலோ திறந்த இலையோ உடையவை. எச்சப் பரிசோதனைகளில் இவை அடிக்கடி முன்வரிசையில் வருகின்றன. வெங்காயம், அன்னாசி, வெண்ணெய்ப்பழம், மக்காச்சோளம் போன்றவற்றில் உண்ணும் பகுதியைத் தடித்த தோலோ உறையோ மூடியிருப்பதால் எச்சம் மிகக் குறைவு. இவற்றைச் சாதாரணமாகவே வாங்கலாம். இப்படிப் பிரித்துப் பார்க்கிற வீட்டில், ஆர்கானிக் பட்டியல் பெரும்பாலும் நான்கைந்து பொருட்களில் நின்றுவிடும். நான் பிரித்தபோது எனக்கு வந்தவை ஐந்து.

பால், இறைச்சி ஆகியவற்றை வேறு தராசில் வைக்க வேண்டும். 2016இல் வெளியான தொகுப்பாய்வுகளில் ஆர்கானிக் பாலிலும் இறைச்சியிலும், இதயத்துக்கு நல்லது என்று கருதப்படும் ஒமேகா-3 கொழுப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதற்கு முக்கியக் காரணம் மாடு புல் மேய்வது. பாலில் அந்தக் கொழுப்பே சொற்பம் என்பதால், அதற்காக மட்டும் விலை கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. கோழி, பன்றி இறைச்சியில், பல நோயெதிர் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா காணப்படும் வாய்ப்பு ஆர்கானிக்கில் குறைவு என்று ஸ்டான்ஃபோர்டு தொகுப்பு சொன்னது. எந்த இறைச்சியானாலும் நன்றாக வேக வைப்பதும், வெட்டிய பலகையைத் தனியாகக் கழுவுவதும் மாறாது.

ஆர்கானிக் பிஸ்கட், ஆர்கானிக் சர்க்கரை, ஆர்கானிக் சிப்ஸ் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சர்க்கரை எப்படி விளைந்தாலும் உடலுக்குள் சர்க்கரைதான். அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை: அரிசியில் சேரும் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் மண்ணிலிருந்தும் பாசன நீரிலிருந்தும் வருவது, ஆர்கானிக் என்ற முத்திரை அதைத் தடுக்காது.

முத்திரையைப் படிக்கத் தெரிய வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், பதப்படுத்திய உணவில் ஆர்கானிக் முத்திரை பதிக்க 95 விழுக்காடு மூலப்பொருள் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, 70 விழுக்காடு இருந்தால் 'ஆர்கானிக் பொருட்களால் செய்தது' என்று எழுதலாமே தவிர முத்திரை பதிக்க முடியாது. பழத்தில் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரில் ஐந்து இலக்க எண் இருந்து அது 9இல் தொடங்கினால் ஆர்கானிக் என்று பொருள்: சாதாரண வாழைப்பழத்துக்கு 4011, ஆர்கானிக்குக்கு 94011. 'இயற்கையானது', 'தூய்மையானது', 'பண்ணையிலிருந்து நேரடியாக' போன்ற சொற்களை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சான்றளித்த அமைப்பின் பெயரும் எண்ணும் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் வாங்கச் செலவாகும் என்பதால், நேர்மையாகப் பயிர் செய்யும் சிறு விவசாயிகள் பலரிடம் அது இருக்காது. அவர்களிடம் பூச்சி வந்தால் என்ன தெளிக்கிறீர்கள், களையை எப்படி எடுக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்கலாம். உண்மையில் செய்கிறவர் அதை நுணுக்கமாகச் சொல்வார். ஆர்கானிக்கிலும் கந்தகம், செப்பு உப்புகள், சில தாவரச் சாறுகள் ஆகியவற்றைத் தெளிக்க அனுமதி உண்டு என்பதால், 'எதுவுமே தெளிப்பதில்லை' என்று சான்றிதழ் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் ஆர்கானிக்கோ சாதாரணமோ, கழுவியே ஆக வேண்டும். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் செய்த சோதனையில், சமையல் சோடா கலந்த நீர் மேற்பரப்பிலிருந்த இரண்டு பூச்சிக்கொல்லிகளை 12 முதல் 15 நிமிடங்களில் அகற்றியது. தோலுக்குள் ஊடுருவிய பகுதியை அதனால் அகற்ற முடியவில்லை. அவற்றில் ஒன்று ஐந்தில் ஒரு பங்கு உள்ளே போயிருந்தது. ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம், அதாவது தோராயமாக இரண்டு தேக்கரண்டி சோடா போதும். நான் திராட்சைக் கொத்தைக் காம்புக் கூட்டத்திலிருந்து கத்தரியால் சிறு சிறு கிளைகளாக வெட்டி, இந்த நீரில் கால் மணி நேரம் மூழ்க வைத்து, பிறகு குழாய் நீரில் விரலால் ஒவ்வொரு பழமாக உருட்டி அலசுவேன். கொத்தாகவே கழுவினால் பழங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்குகளுக்குள் நீர் போவதே இல்லை. சோப்பு வேண்டாம், அது பழத்துக்குள் உறிஞ்சப்படலாம்.

கடைசியாக, வீணாவதைக் கணக்கில் எடுங்கள். ஒரு வாரம் ஆசையாக ஆர்கானிக் பசலைக்கீரை இரண்டு கட்டு வாங்கி, ஈரத்தோடு பையில் முடிந்து குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். நான்காம் நாள் எடுத்தபோது உள்ளிலைகள் கருத்து, விரலில் குழகுழவென்று ஒட்டின. ஒரு கட்டை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. பாதி வீணானால், சாப்பிட்ட பாதியின் விலை இரண்டு மடங்காகிவிடுகிறது. இப்போது கீரையை மூன்று நாளைக்கு வேண்டிய அளவே வாங்கி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி வைக்கிறேன். ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றை விளையும் பருவத்தில் வாங்குவதும், பருவமில்லாத நாட்களில் உறைய வைத்த ஆர்கானிக் பழத்தை எடுத்துக்கொள்வதும் செலவைக் குறைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். குழந்தை ஆப்பிளை விட்டுவிட்டுப் பேரிக்காய்க்கு மாறியிருந்தால், உங்கள் பட்டியலும் மாற வேண்டும்.