மலைச்சாலையில் ஈரம் போல் தெரியும் பனிக்கட்டி

வெண்பனி மூடிய சாலையைப் பார்த்தால் எல்லோருமே தானாக வேகத்தைக் குறைத்துவிடுவோம். அதைவிட ஆபத்தானது தார் மேல் மெல்லிசாகப் படியும் பனிக்கட்டி. பார்க்க வெறும் ஈரம் மாதிரியே இருக்கும். வெயில் படாத வளைவுகளையும் பாலங்களையும் கவனியுங்கள். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால் அது முதலில் உறைந்துவிடும். வண்டியின் திரை 3 டிகிரி காட்டினாலும் நம்ப வேண்டாம், அது காற்றின் வெப்பநிலை; சாலை 0-க்குக் கீழே போயிருக்கலாம்.

சாலை ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயரில் தண்ணீர் தெறிக்கவில்லை, நம் டயர் சத்தமும் திடீரென்று அடங்குகிறது என்றால் உஷாராகுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாறிவிடுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்ற தைரியம் வேண்டவே வேண்டாம். அது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது.

அப்புறம், பனியில் சிக்கி நின்றுவிட்டால், ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடும் முன் இறங்கிப்போய் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிடுங்கள். குழாய் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வண்டிக்குள் வந்துவிடும். அதற்கு வாசனையே கிடையாது.